முத்திரை யார் கையில்?

பெண்ணியமும் திருநர் உரிமையும் சந்திக்கும் விவாதங்களில், ஒருவர் சொன்னது என்ன என்று கேட்கப்படுவதற்கு முன்பே சொன்னவர்மீது ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. திருநர் என்பது, பிறந்தபோது பதிவான பாலும் தாம் உணர்ந்து வாழும் பாலினமும் வேறுபட்டவர்களைக் குறிக்கும் பொதுப்பெயர். அவர்களுள் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, ஆணாக வாழ்பவர் திருநம்பி. பெண்களுக்காகப் போராடும் இயக்கம் திருநங்கையரையும் தன்னுள் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் எழுந்துவந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கான விடைகளோடு சேர்ந்து, விடை சொல்பவர்களைச் சுட்டும் பெயர்களும் பெருகியிருக்கின்றன. இலண்டனிலும் நியூயார்க்கிலும் இப்பெயர்களைப் பெரும்பாலும் பெண்ணியவாதிகளும் திருநர் செயற்பாட்டாளர்களுமே ஒருவர்மீது ஒருவர் சூட்டிக்கொள்கிறார்கள். கோலாலம்பூரிலோ அந்த வேலையை அரசும் சமய அதிகார அமைப்புகளும் தம் கையில் எடுத்துக்கொண்டு நெடுநாளாகிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் காணத் தவறினால், மேற்கத்தியச் சண்டையின் சொற்களை எவ்வளவு சரியாகக் கற்றிருந்தாலும், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் ஒரு தமிழ்த் திருநங்கையின் நிலைமை விளங்காது.

மேற்கின் சண்டைக்கு ஒரு தெளிவான வரலாறு உண்டு. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜானிஸ் ரேமண்ட் 1979இல் வெளியிட்ட நூலொன்றில், திருநங்கையர் பெண்களின் உடலையும் வெளியையும் கைப்பற்ற வருபவர்கள் என்று வாதிட்டார். 1976 முதல் 2015 வரை மிச்சிகன் மாநிலத்தில் நடந்துவந்த பெண்களுக்கான இசைவிழா, பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. 1991இல் ஒரு திருநங்கை அங்கிருந்து வெளியேற்றப்பட்டதைத் தொடர்ந்து, விழா வாயிலுக்கு எதிரிலேயே எதிர்ப்பு முகாம்கள் அமைக்கப்பட்டன. இந்தப் பின்னணியில்தான் 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பெண்ணியவாதி விவ் ஸ்மைத், 'திருநரை விலக்கும் தீவிரப் பெண்ணியவாதி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து 'டெர்ஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தீவிரப் பெண்ணியவாதிகள் அனைவரும் திருநரை விலக்குபவர்கள் அல்லர் என்பதைப் பிரித்துக் காட்டுவதே அவருடைய நோக்கம். ஆனால் சொல் அவர் கையை விட்டு வெளியேறியதும், விளக்கக் குறியாகப் பிறந்தது வசைச்சொல்லின் வேலையையும் செய்யத் தொடங்கியது.

அந்த முத்திரையை ஏற்க மறுத்தவர்கள் தங்களுக்கென 'பாலின விமர்சனப் பெண்ணியர்' என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். பால் என்பது உடல் சார்ந்தது, மாற்ற முடியாதது. பாலினம் என்பது சமூகம் பெண்கள்மீது சுமத்திய வேடம். ஆகவே பெண்களுக்கான காப்பகம், சிறை, விளையாட்டு, புள்ளிவிவரம் ஆகியவற்றில் உடலையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. எதிர்த்தரப்பினரோ, பெண் என்பதே சமூகம் ஒருவரை எப்படி நடத்துகிறது என்பதில் உருவாகும் நிலை என்றும், தெருவில் துன்புறுத்தப்படும் திருநங்கை பெண்ணுக்குரிய அதே வன்முறையை அனுபவிக்கிறார் என்றும், 'விமர்சனம்' என்ற மதிப்பான பெயர் விலக்கலுக்குப் போர்த்திய போர்வை என்றும் சொல்கிறார்கள். திருநர் அல்லாதவர்களைக் குறிக்கும் 'சிஸ்' என்ற முன்னொட்டும் இதே கதிக்கு ஆளானது: ஒரு தரப்புக்கு அது வெறும் விவரணை, மறுதரப்புக்குத் தாம் கேளாமலே தம்மீது ஒட்டப்பட்ட சீட்டு. பிரிட்டனில் இத்தகராறு நீதிமன்றம்வரை போயிற்று. பாலின விமர்சன நம்பிக்கை சட்டப் பாதுகாப்புக்கு உரியதென 2021இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

இவ்வகை முத்திரைகளிடம் ஒரு பொதுக்குறை இருக்கிறது. காப்பகத்தின் பாதுகாப்பு பற்றி நியாயமாகக் கவலைப்படும் ஒரு பெண்ணையும், திருநரைப் பொதுவாழ்விலிருந்தே துடைத்தெறிய விரும்பும் ஒருவரையும் 'டெர்ஃப்' ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. அதேபோல, 'பெண் வேடமிட்ட ஆண்' என்ற எதிர் முத்திரை, பல்லாண்டுகளாகப் பெண்ணாகவே வாழ்ந்துவரும் ஒருவரின் வாழ்வையும் மருத்துவ வரலாற்றையும் ஒரே தட்டில் தட்டிவிடுகிறது. என்றாலும் அங்கே முத்திரை குத்தியவரும் குத்தப்பட்டவரும் பதிலுக்குப் பதில் பேசிக்கொள்ள முடிகிறது, வழக்குத் தொடுக்க முடிகிறது, புத்தகம் எழுத முடிகிறது. மலேசியாவில் முத்திரை வேறு வகையில் வேலை செய்கிறது.

மலேசியாவின் வலிமைமிக்க முத்திரை 'எல்ஜிபிடி' என்ற ஆங்கில நான்கெழுத்துதான். தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள், ஆண்கள், இருபால் ஈர்ப்புள்ளோர், திருநர் ஆகியோரை ஒருங்கே சுட்ட அவர்களே உருவாக்கிய கூட்டுப்பெயராக வேறு நாடுகளில் வழங்கும் இது, மலேசிய அரசியல் பேச்சில் பெரும்பாலும் வெளியிலிருந்து சுமத்தப்படும் குற்றச்சாட்டாக ஒலிக்கிறது. அதன் பக்கத்தில் 'லிபரல்', 'மேற்கத்தியப் பண்பாடு', 'நெறி பிறழ்ந்த பண்பாடு' ஆகிய துணை முத்திரைகளும் நிற்கின்றன. இவை விழுவது திருநர்மீது மட்டுமல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

2011ஆம் ஆண்டு நடந்தது இதற்கு நல்ல சான்று. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்தில் 2008 முதல் 'செக்ஷுவாலித்தி மெர்டேக்கா' என்ற பாலியல் உரிமை விழா ஆண்டுதோறும் பேச்சு, நாடகம், பட்டறை என்று அதிகச் சலசலப்பின்றி நடந்துவந்தது. 2011 நவம்பரில் அதைத் தொடங்கிவைக்க வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் அம்பிகா சீனிவாசன் அழைக்கப்பட்டிருந்தார். அதே ஆண்டு ஜூலை 9 அன்று தூய்மையான தேர்தல் கோரிக் கோலாலம்பூரின் தெருக்களை நிறைத்த பெர்சே 2.0 பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நவம்பர் 3 அன்று போலீஸ் விழாவைத் தடைசெய்தது. அம்பிகா விசாரணைக்கு அழைக்கப்பட்டார். தடையை எதிர்த்து ஏற்பாட்டாளர்கள் தொடுத்த மனுவை 2012இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாக்காளர் பட்டியலைத் திருத்தச் சொன்ன ஒரு பெண்மணி சில நாட்களில் பாலியல் ஒழுக்கத்தின் எதிரியாக்கப்பட்டார். தேர்தல் பற்றி அவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அத்தோடு பலருக்குக் கழன்றுவிட்டது. முத்திரையின் அரசியல் பயன் இதைவிட வெளிப்படையாகத் தெரிந்த தருணம் குறைவு.

அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே முறை திரும்பத் திரும்பப் பயன்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை மீளாய்வுக்கு அறிக்கை அளித்த 54 அமைப்புகளின் கூட்டணியான கோமாங்கோவை, 2014 ஜனவரியில் உள்துறை அமைச்சு சட்டவிரோதமானது என்று அறிவித்தபோது, எல்ஜிபிடி உரிமையை வளர்ப்பதும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், முஸ்லிம் பெண்களின் குடும்பச் சட்ட உரிமைகளுக்காக 1980களின் இறுதியிலிருந்து இயங்கிவரும் 'சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம்' அமைப்பை லிபரல் சிந்தனையும் சமயப் பன்மைவாதமும் கொண்ட வழிதவறிய குழு எனச் சிலாங்கூர் மாநில ஃபத்வா அறிவித்தது. ஃபத்வா என்பது மாநில அரசிதழில் வெளியானவுடன் சட்ட வலிமை பெறும் சமயத் தீர்ப்பு. ஒரு நிறுவனத்துக்குச் சமயம் இருக்க முடியாது, ஆகவே அந்த ஃபத்வா அந்நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்க 2025 ஜூன் வரை, ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆயின.

2018இல் ஆட்சி மாறியபோது நிலைமையும் மாறும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அந்த ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, தேசியக் கொடியோடு எடுக்கப்பட்ட இரண்டு உருவப்படங்கள் சமய விவகார அமைச்சரின் உத்தரவால் அகற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று, அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிகு பெண்களுக்கான அனைத்துலக விருதை 2016இல் பெற்ற முதல் திருநங்கையான நிஷா அயூப்பின் படம். அதே விருதை 2009இல் பெற்றவர் அம்பிகா சீனிவாசன். முன்னாள் வழக்கறிஞர் மன்றத் தலைவரும், பெண்ணுடை அணிந்ததற்காக ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டு மீண்டு வந்த சமூகப் பணியாளரும் ஒரே விருதாலும் ஒரே முத்திரையாலும் இணைக்கப்பட்டது, எந்தப் பெண்ணியக் கோட்பாட்டு நூலும் திட்டமிட்டுச் செய்திராத இணைப்பு.

2019 மார்ச் 9 அன்று நடந்த மகளிர் ஊர்வலத்தில் இந்தப் போக்கு முழு உருவம் பெற்றது. பாலினத்தையும் பாலியல் சார்பையும் காரணமாகக் கொண்ட வன்முறையை ஒழித்தல், 18 வயதுக்குட்பட்டோரின் திருமணத்தைத் தடைசெய்தல், குறைந்தபட்சச் சம்பளத்தை 1,800 ரிங்கிட்டாக உயர்த்துதல், தம் உடல்மீதும் வாழ்வின்மீதும் பெண்களுக்குள்ள உரிமை, தந்தைவழி ஆதிக்கத்தை ஒழித்தல் ஆகியவை அன்றைய கோரிக்கைகள். வானவில் கொடிகளும் திருநர் உரிமைப் பதாகைகளும் கூட்டத்தில் இருந்தன. மறுநாள் நாடு பேசியது அந்தக் கொடிகளைப் பற்றித்தான். ஜனநாயக வெளி தவறாகப் பயன்படுத்தப்பட்டதென்று சமய விவகார அமைச்சர் கண்டித்தார். ஏற்பாட்டாளர்கள் தேச நிந்தனைச் சட்டம், அமைதிப் பேரணிச் சட்டம் ஆகியவற்றின்கீழ் விசாரிக்கப்பட்டார்கள். சிறுமியர் திருமணம் பற்றியும் சம்பளம் பற்றியும் பதில் சொல்லும்படி எந்த அமைச்சரையும் யாரும் துரத்தவில்லை.

இத்தகைய சூழலில் பெண்ணியவாதிகளுக்குள் எழும் விவாதத்தின் வடிவமே மாறிவிடுகிறது. திருநங்கை பெண்தானா என்ற மெய்யியல் கேள்வியைவிட, அவர் பக்கம் நின்றால் வரும் முத்திரையைச் சுமக்கத் தயாரா என்ற நடைமுறைக் கேள்வி முன்னே வந்து நிற்கிறது. ஒரு கணக்கு இப்படிப் போகிறது: குடும்ப வன்முறைச் சட்டத்தை 1994இல் பெறவும், பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டத்தை 2022இல் பெறவும் பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது; அந்தக் கதவுகளை மூட ஒரு வானவில் கொடி போதும் என்னும்போது கொஞ்சம் விலகி நிற்பதே விவேகம். மறு கணக்கு: விலகி நின்றாலும் முத்திரை விழத்தான் செய்யும், ஏனென்றால் அதைக் குத்துபவர் பெண்ணியத்துக்கும் திருநர் உரிமைக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை, ஆகவே சேர்ந்து நிற்பதில் புதிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை. முதற்கணக்கில் கோழைத்தனம் மட்டுமே இருப்பதாகச் சொல்வது நியாயமாகாது. குழந்தைத் திருமணத்திலிருந்து ஒரு சிறுமியைக் காப்பதும் அவசரமான வேலைதான். ஆனால் மலேசியாவின் சட்ட வரலாறு இரண்டாவது கணக்கின் பக்கமே சாய்கிறது.

அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பாலினம் அந்தப் பட்டியலில் முதலில் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்த பிறகு, பெண்கள் இயக்கத்தின் தொடர் வற்புறுத்தலால் 2001இல்தான் அச்சொல் சேர்க்கப்பட்டது. ஆண்டுகள் சில கழித்து அதைக் கையில் எடுத்தவர்கள் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த மூன்று முஸ்லிம் திருநங்கையர். பொது இடத்தில் பெண்ணுடை அணியும் ஆணுக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கும் அம்மாநில ஷரியா குற்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவை எதிர்த்து அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அப்பிரிவு தனிமனித விடுதலையையும் சமத்துவத்தையும் பாலினப் பாகுபாட்டுத் தடையையும் மீறுகிறது என்று 2014 நவம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணியம் வென்றெடுத்த ஒரு சொல், அதை வென்றவர்கள் எண்ணியிருக்கவே வாய்ப்பில்லாத சிலருக்கு அரணாயிற்று. 2015 அக்டோபர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. வழக்கு தொடுக்கப்பட்ட முறை பிழையானது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

இந்தச் சட்டம் தமிழ்த் திருநங்கையரில் பெரும்பாலோரைத் தொடுவதில்லை, ஏனென்றால் ஷரியா சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது. கோலாலம்பூரில் ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண்ணாக நடிப்பதைத் தண்டிக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், கிள்ளான் அடங்கிய சிலாங்கூரின் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். ஆனால் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பொது இடத்தில் அநாகரிகமாக நடப்பதைச் சமய வேறுபாடின்றித் தண்டிக்கிறது. எது அநாகரிகம் என்று தீர்மானிப்பது முதலில் அந்த இடத்தில் நிற்கும் போலீஸ்காரர்தான். ஆகவே ஒரே தெருவில் நிற்கும் ஒரு மலாய்த் திருநங்கைக்கும் ஒரு தமிழ்த் திருநங்கைக்கும் குற்றத்தின் பெயர் வேறு, அதிகாரியின் சீருடை வேறு. மலாய்த் திருநங்கையர் தம்மை ஏசிய சொற்களைத் தள்ளிவிட்டு 1980களில் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட 'மாக் ஞா' என்ற பெயர் அவர்களுக்கு ஓர் இயக்க அடையாளத்தைத் தந்தது. தமிழர்களுக்கான பெயர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன.

அந்தப் பெயர்களின் வரலாறும் முத்திரைகளின் வரலாறுதான். கூவாகத்துக் கூத்தாண்டவர் வழிபாட்டையொட்டி, 'அலி' என்ற இழிவழக்குக்கு மாற்றாக 1990களின் இறுதியில் பரவிய 'அரவாணி', 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியத்தின் பெயரிலும் இடம்பெற்றது. முதல்வர் மு. கருணாநிதியின் ஆதரவோடு 'திருநங்கை' அதை விரைவிலேயே ஓரங்கட்டியது. 2019இன் இறுதியில் அரசாணையொன்று 'மூன்றாம் பாலினத்தவர்' என்று மாற்ற முற்பட்டபோது, தாங்கள் பெண்கள், மூன்றாம் எண்ணிக்கை அல்லர் என்று திருநங்கையரே எதிர்த்தார்கள். மேற்குநாட்டுப் பெண்ணியவாதிகள் மேடைதோறும் மோதிக்கொள்ளும் கேள்வி, தமிழ்நாட்டில் ஓர் அரசாணையின் சொற்றொடரில் ஒளிந்திருந்ததைக் கண்டுகொண்டவர்கள் அவர்களே. கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் செயற்பாட்டாளர்கள், எந்தப் பெயரிட்டாலும் அதனுள் சாதி மறைந்துபோகக் கூடாது என்று தனி இடஒதுக்கீட்டை முன்வைத்து வாதிட்டுவருகிறார்கள். மலேசியத் தமிழ்ச் சமூகம் இதுகுறித்துப் பேசத் தயங்குவது வியப்பல்ல, சாதியே இங்கில்லை என்று சொல்லிக்கொள்வதில் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு. தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளோ இந்த மாற்றங்கள் எதையும் அறியாதவை போல 'ஒன்பது' என்ற ஏளனத்தைக் கடல்தாண்டியும் விநியோகித்துக்கொண்டிருந்தன.

இவ்வளவு பெயர்களுக்கும் நடுவே அன்றாடம் எழும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் நிற்கும் கொம்யூட்டர் ரயில்களில் 2010 முதல் பெண்களுக்கான தனிப்பெட்டி இருக்கிறது. கூட்ட நெரிசலில் ஆண்களின் தொல்லையிலிருந்து பெண்களைக் காக்க வந்த அந்த ஏற்பாட்டின் தேவையை எந்தப் பெண்ணியவாதியும் மறுக்கமாட்டார். சேலையிலோ சுடிதாரிலோ வரும் ஒரு திருநங்கை எந்தப் பெட்டியில் ஏறினால் அவருக்கும் மற்றப் பயணிகளுக்கும் பாதுகாப்பு என்பதை 'டெர்ஃப்' என்றோ 'எல்ஜிபிடி' என்றோ கூவித் தீர்மானிக்க முடியாது. பெட்டி எதற்காக வந்தது, அங்கே யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப் பார்க்க முயன்றது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வாழும் 100 திருநரிடம் கல்வி, வேலை, மருத்துவம், வீடு, கண்ணியம் ஆகியவை பற்றிக் கேட்ட அந்த ஆய்வுக்கு, 2019 ஊர்வலத்தின் கொடிகளுக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை.

பெயர்களையெல்லாம்விட அழுத்தமான முத்திரை அடையாள அட்டையில் இருக்கிறது. மைகார்டின் பன்னிரண்டு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வேலைக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அது முன்னே நடந்துபோய்ச் செய்தி சொல்லிவிடுகிறது. மருத்துவச் சான்றுகளை ஏற்று ஒரு திருநங்கையின் அட்டையைத் திருத்தும்படி 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் உத்தரவிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஈப்போ உயர் நீதிமன்றம் அதையொத்த மனுவை நிராகரித்து, இது நாடாளுமன்றம் சட்டமியற்றித் தீர்க்க வேண்டிய விஷயம் என்றது. 2016இல் நீதிபதி எஸ். நந்தபாலன் ஒரு திருநம்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தார். இலண்டனின் உச்ச நீதிமன்றம் 'பெண்' என்ற சொல்லை அதற்கு நேரெதிராகப் பொருள்கொண்டது ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரே பொதுச்சட்ட மரபில் வந்த நீதிமன்றங்கள் மூன்று திசையில் நடந்திருக்கின்றன. ஈப்போ நீதிமன்றம் கைகாட்டிய மலேசிய நாடாளுமன்றம் அப்படியொரு சட்டத்தை இயற்றாத நிலையில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் திருநங்கையர் பெரும்பாலோரின் அட்டை எண் இன்றும் ஒற்றைப்படையிலேயே முடிகிறது.